ஒருதரம் என்கிற என் மைத்துனன்

என் மனைவிக்குக் கூடப்பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. வயது நாற்பத்தொன்று. வீட்டு ஒயரிங் வேலை பார்க்கிற எலெக்ட்ரீஷியன். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று அவனுக்கு உண்டு. அது வாக்காளர் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. தெருவில் அவன் பெயர் "ஒருதரம்". எந்தக் கம்பியைத் தொடுவதற்கு முன்னாலும், "கடைசியா ஒருதரம் பாத்துக்கறேன்" என்பான். அது கடைசியாக இருந்து நான் ஒருநாளும் கண்டதில்லை.

சுவிட்ச் மாற்ற ஆள் கூப்பிட்டால் மற்ற எலெக்ட்ரீஷியன்கள் என்ன செய்வார்கள் என்பது நமக்குத் தெரியும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூவைப் பல்லில் கடித்துக்கொண்டு, கரண்ட் ஓடும்போதே கழற்றி மாட்டிவிட்டு, நாம் கொடுத்த டீ ஆறுவதற்குள் கிளம்பிவிடுவார்கள். வேலைக்காரன் என்றால் இவன்தான் வேலைக்காரன் என்று நாமும் மெச்சிக்கொள்வோம். நானும் மெச்சியிருக்கிறேன்.

இவன் அப்படியில்லை. முதலில் செருப்பிலிருந்து தகராறு தொடங்கும். வீட்டுக்குள் செருப்போடு வரக்கூடாது என்று சொல்லும் வீடுகளுக்காகப் பையில் தெருவையே மிதிக்காத ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்திருக்கிறான். அதைப் போட்டுக்கொண்டு மெயின் சுவிட்சுக்குப் போவான். மின்சாரம் வந்து சேரும் முனையில் டெஸ்டரை வைத்து அது எரிகிறதா என்று பார்ப்பான். டெஸ்டர் உயிரோடிருக்கிறது என்று உறுதியானதும் மெயினை அணைப்பான். உள்ளே இருக்கும் இரண்டு பீங்கான் ப்யூஸ் கட்டைகளையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். மெயின் பெட்டிக்கு ஒரு பூட்டு. அதன் மேல் "ஆள் வேலை செய்கிறான், நானே வந்து போடுவேன்" என்று அவன் கையெழுத்தில் ஓர் அட்டை. இத்தனையும் முடிந்து மாடிக்கு ஏறி, கம்பியில் டெஸ்டரை வைத்து, எரியவில்லை என்று பார்த்துவிட்டு மறுபடி கீழே இறங்கி வருவான்.

"இப்ப எதுக்கு மாப்ள கீழ வர்றே? அதான் எரியலியே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"நடுவுல டெஸ்டரே செத்துப் போயிருந்தா, மாமா? செத்த கம்பியிலயும் எரியாது, செத்த டெஸ்டரும் எரியாது. பாக்கறதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

மெயின் முனையில் மீண்டும் வைத்துப் பார்த்து, டெஸ்டர் எரிந்ததும் திரும்பவும் மாடியேறுவான். ஒரு சுவிட்ச் மாற்ற நான்கு தடவை படி. மாடி இல்லாத வீடுகளில் கொஞ்சம் சீக்கிரம் முடிப்பான் என்று கேள்வி.

இப்படி ஒருவனை யார் கூப்பிடுவார்கள் என்றால், கூப்பிடுகிறார்கள். ஆனால் முதலில் வேறு யாரையாவது கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான். டி.வி.யில் தொடர் ஓடுகிறது, மெயினை அணைக்காமல் வேலையை முடித்துக்கொடு என்று ஒரு வீட்டில் கெஞ்சினார்கள். இவன் தகராறு செய்யவில்லை. "முடியட்டும்" என்று சொல்லிவிட்டு அவர்களோடு உட்கார்ந்து முழுத் தொடரையும் பார்த்தான். மருமகள் விஷயம் அந்தரத்தில் நின்றுவிட்டதாம். மறுநாள் அந்த வீட்டில் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் அதே நேரத்துக்குப் போய், "பக்கத்துல ஒரு வேலையா வந்தேன்" என்று உட்கார்ந்திருக்கிறான்.

சட்டைப் பை விஷயம் அதைவிடப் பெரிய கூத்து. வேலை முடிந்து ப்யூஸ் கட்டையைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் கிளம்புவான். ஆனால் சாமான் வாங்கவோ சாப்பிடவோ இடையில் வெளியே போனால் கட்டைகளும் கூடவே போகும். ஒருமுறை வங்கி மேலாளர் வீட்டு ப்யூஸோடு பஸ்ஸில் ஏறி, சாமான் வாங்கப் போன இடத்தில் மழையில் மாட்டிக்கொண்டான். ஒரு மத்தியானம் முழுக்க அந்தக் குடும்பம் விசிறியை எடுத்து வீசிக்கொண்டிருந்தது. சில வீடுகளில் இவன் வாசலைத் தாண்டும்போது, "பையில என்ன இருக்கு?" என்று தடவிப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். திருடன் என்று நினைத்துத் தடவுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, தெருவில் புதிதாகக் குடிவந்த ஒருவர் அவனைக் கண்டதும் பர்ஸை ஜாக்கிரதையாக மறைத்ததை நானே பார்த்தேன்.

இந்தப் பழக்கங்கள் அவனோடு பிறந்தவை அல்ல. பதினாறு வருடத்துக்கு முன்பு அவனும் ஸ்க்ரூவைப் பல்லில் கடித்தவன்தான். அப்போது அவனோடு சேர்ந்து வேலை பார்த்தவன் ஒருவன் இருந்தான். ஏணி இல்லாமலே சீலிங் ஃபேனைத் தொடுவான் என்பதால் நெட்டை என்று பெயர். ஒரு வீட்டில் மெயினை அணைத்துவிட்டு இரண்டு பேரும் வேலை செய்தார்கள். என் மைத்துனன் டேப் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். தண்ணீர் மோட்டார் ஓடவில்லையே என்று பார்க்க வந்த வீட்டுக்கார அம்மாள், மெயின் கீழே இறங்கியிருப்பதைக் கண்டு, யாரோ கை தவறி இறக்கிவிட்டார்கள் என்று மேலே தூக்கிவிட்டார். அவர் நல்ல மனுஷிதான். நெட்டைக்கும் சேர்த்து மத்தியானச் சாப்பாடு எடுத்துவைத்திருந்தார். இவன் டேப்போடு திரும்பி வந்தபோது நெட்டையைத் தரையில் கிடத்தியிருந்தார்கள்.

இதை அவன் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறான். என் மனைவி நூறு தடவை சொல்லியிருக்கிறாள். "டேப் வாங்க நெட்டை போயிருந்தா, அங்க படுத்திருந்தது என் தம்பி" என்பாள். அவன் எந்த ஊரில், எந்த வீட்டில் வேலை செய்தாலும் மத்தியானம் ஒரு போன் போட்டு, "சாப்டியா?" என்று கேட்பாள். சாப்பாட்டைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது. பதில் வருகிறதா என்று பார்ப்பாள்.

இதெல்லாம் தெரிந்தும் நான் அவனைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது. "மாப்ளைக்கு உயிர் மேல இவ்ளோ ஆசையா?" என்பேன். "என்னோடதுதானே மாமா, ஆசை இருக்காதா?" என்பான். சிரிக்க மாட்டான். அவனோடு சண்டை போட்டு ஜெயித்தவர் கிடையாது. அவன் சண்டைக்கே வரமாட்டான். எனக்கு இப்படிப்பட்டவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கீழே கடை, மேலே வீடு. கடையில் ஜெராக்ஸ், லேமினேஷன், விண்ணப்பம் நிரப்புதல். தெருக்கோடியில் ஓர் அரசு அலுவலகம் இருப்பதால் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. எதிரிலேயே இன்னொருவனும் ஜெராக்ஸ் கடை போட்டிருப்பதால் நிம்மதியாக ஓடவில்லை. ஒரு ஆள் என் கடை வாசலில் நின்று, திரும்பி, தெருவைக் கடந்தால் எனக்கு வயிறு எரியும். நியாயமான எரிச்சல்தான்.

என் வலது பக்கத்துக் கடை தையல்காரருடையது. எனக்கும் அவருக்கும் பதினைந்து வருடச் சிநேகம். அவர் கடைக்கு ஒரு லைன், என் கடைக்கு வேறொரு லைன். பாதி நாள் ஒன்றில் கரண்ட் போகும், மற்றதில் இருக்கும். இந்த அநியாயத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்த வழிதான் இரட்டைத் தலை. நீளமான ஒயர், இரண்டு பக்கமும் பிளக். ஒரு தலை என் சுவரில் இருக்கும் பாயின்டில், மறுதலை அவர் சுவரில் இருக்கும் பாயின்டில். அவருக்கு வரும் கரண்ட் என் சுவர் வழியாக நுழைந்து கடை முழுக்கப் பரவும். லைட், ஃபேன், கம்ப்யூட்டர், மெஷின் எல்லாம் ஒரே செருகலில் உயிர் பெறும். எனக்கு இருந்து அவருக்குப் போனாலும் அதே ஒயர்தான். தலைகீழாக வேலை செய்யும். செருகுவதற்கு முன் மெயினை அணைத்துவிட வேண்டும் என்பதுகூட எங்களுக்குத் தெரியும். விவரமில்லாதவர்கள் இல்லை. இந்தத் தெருவில் பல கடைகளில் மேஜைக்கடியில் ஓர் இரட்டைத் தலை சுருண்டு கிடக்கும். கரண்ட் கைமாற்று என்று சொல்லிக்கொள்வோம்.

மைத்துனனிடம் மட்டும் இதைக் காட்டியதில்லை. அவன் வருகிற நாளில் அதை எடுத்து லேமினேஷன் கவர் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவேன். பார்த்தால் சும்மா விடமாட்டான், பேசியே கொல்வான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அவன் பேசமாட்டான், பார்ப்பான். அதுதான் தாங்காது.

சென்ற மாதம் குளியலறையில் தண்ணீர் காயவைக்கும் ஹீட்டர் மாட்டுவது என்று மனைவி முடிவு செய்தாள். பழைய மெல்லிய ஒயரை உருவிவிட்டுத் தடித்த ஒயர் இழுக்க வேண்டும். எங்கள் வீட்டு ஒயரிங் என் தகப்பனார் காலத்தது. எல்லாக் கம்பிகளும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுக் கூட்டுக் குடும்பம் நடத்துகின்றன. கடையானாலும் வீடானாலும் எதையும் தனியாக அணைக்க வழி கிடையாது. மெயினை அணைத்தால்தான் உண்டு.

காலையில் வந்ததும் கடை வாசலில் நின்று கேட்டான். "மாமா, இன்னிக்கு மூணு மணி வரைக்கும் கரண்ட் இருக்காது. பரவாயில்லையா?"

"பரவாயில்ல மாப்ள."

"கடையில வேலை இருந்தா நாளைக்கு வெச்சுக்கலாம்."

"அதான் பரவாயில்லேன்னு சொல்றேனே."

"கடைசியா ஒருதரம் கேக்கறேன்."

"போய் வேலையப் பாருப்பா!" என்று கத்தினேன். அவன் தலையாட்டிவிட்டு மெயினை அணைத்து, கட்டைகளை உருவிப் பையில் போட்டு, பூட்டுப் போட்டு, அட்டையை மாட்டி, மேலே போய் வீட்டு ஃபேன், லைட் சுவிட்சுகளையும் ஒவ்வொன்றாக அணைத்தான். நானும் நாற்காலியைப் போட்டு, பேப்பர் படிக்கத் தொடங்கினேன். உண்மையிலேயே அன்று எனக்கு ஓர் அவசரமும் இல்லை.

பதினொன்றரை மணிக்குத் தெருக்கோடி அலுவலகத்தில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். வீட்டுமனை விண்ணப்பத்துக்கு இன்றே கடைசி நாள். எல்லாச் சான்றிதழ்களுக்கும் இரண்டு நகல் வேண்டும். பத்து நிமிடத்தில் என் கடை வாசலில் ஆட்கள் நின்றார்கள். "கரண்ட் இல்லீங்க" என்றேன். ஒவ்வொருவராகத் திரும்பி, தெருவைக் கடந்தார்கள். எதிர்க்கடைக்காரன் வரிசை என் கடை வாசல் வரைக்கும் நீண்டது. வரிசை நிற்பதற்கு என் படிக்கட்டைப் பயன்படுத்தினார்கள். அவன் அங்கிருந்தபடியே என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

பன்னிரண்டரை வரை பொறுத்தேன். அப்போது மாடியிலிருந்து மனைவியின் குரல் கேட்டது: "தம்பி, எல்லாத்தையும் அப்படியே வெச்சுட்டு வந்து சாப்பிடு." பிறகு தட்டுச் சத்தம். வேலை நிற்கிறது, அவன் சாப்பிடுகிறான். எப்படியும் அரைமணி நேரம் ஆகும். அவன் சாப்பாட்டையும் ஒருதரம் பார்த்துத்தான் வாயில் வைப்பான். மெயின் ஏற்கெனவே அணைந்திருக்கிறது. இதைவிட வசதி கிடைக்குமா? அவன் எழுந்திருப்பதற்குள் ஒயரைத் திரும்ப உருவி எடுத்துவிடலாம் என்று லேமினேஷன் பெட்டியைத் திறந்தேன்.

தையல்காரர் கொஞ்சம் தயங்கினார். "உங்க மச்சினன் மேல வேலை செய்யறார்போல இருக்கே?"

"சாப்பிட்டுக்கிட்டிருக்கான். நீங்க செருகுங்க."

செருகினார். ஃபேன் சுற்றியது. மெஷின் முனகிக்கொண்டு பச்சை விளக்கைக் காட்டியது. என் படிக்கட்டில் நின்ற வரிசை அப்படியே முகத்தைத் திருப்பி என் வரிசையாயிற்று. எதிர்க்கடைக்காரனுக்கு நானும் கையசைத்தேன்.

இதற்குப் பிறகு நேரம் போனது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் ஒயரை உருவி எடுத்திருப்பேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒருவர் போனால் இரண்டு பேர் வந்தார்கள். சான்றிதழை வாங்குவதும் மூடியைத் தூக்குவதும் பட்டனை அமுக்குவதுமாகத் தலை நிமிராமல் எடுத்துக்கொண்டிருந்தேன். "அடுத்து" என்றேன். ஒரு கை நீண்டது. மேஜை மேல் சான்றிதழுக்குப் பதிலாக இரண்டு பீங்கான் ப்யூஸ் கட்டைகளை வைத்தது.

"இத ஒரு காப்பி எடுத்துக் குடுங்க, மாமா" என்றான்.

என் மைத்துனன் வரிசையில் நின்று வந்திருக்கிறான். முகத்தில் ஒன்றும் இல்லை. ப்யூஸ் கட்டைகளைப் பார்த்தேன். தலைக்கு மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது என்று என் மூளைக்குப் பட ஒரு நொடி ஆனது. பட்டதும் பாய்ந்து என் பக்கத்துச் சுவரில் இருந்த பிளக்கைப் பிடுங்கப் போனேன்.

"தொடாதீங்க!"

அவன் கத்தி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வரிசையில் நின்றவர்கள்கூட இரண்டடி பின்னால் போனார்கள்.

"அத உருவுனா அதோட கம்பி ரெண்டும் வெளியில தெரியும். அதுல கரண்ட் இருக்கும். உங்க கையில இருக்கும்" என்றான், மறுபடி பழைய குரலில். பிறகு தையல் கடைப் பக்கம் திரும்பி, "அண்ணே, உங்க பாயின்ட் சுவிட்ச அணைச்சிட்டு, உங்க பக்கத்து பிளக்க மொதல்ல உருவுங்க" என்றான். ஃபேன் மெதுவாக நின்றது. அதற்குப் பிறகும் அவன் என்னைத் தொடவிடவில்லை. டெஸ்டரை எடுத்து என் பக்கத்துப் பாயின்டில் வைத்துப் பார்த்தான். மேஜையைச் சுற்றிப் போய் மெயினில் வைத்துப் பார்த்தான். திரும்பி வந்து மறுபடி பார்த்தான். பிறகு தானே பிளக்கை உருவினான். பதினைந்து வருடமாக எந்தத் தலையை முதலில் உருவ வேண்டும் என்று நானும் தையல்காரரும் ஒருநாள்கூடப் பேசிக்கொண்டதில்லை.

அதுவரை நான் எடுத்திருந்தது நாற்பத்து மூன்று காப்பி.

"நாளைக்கு மெஷினுக்கு மட்டும் அவர் கடையிலேருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்திருந்தா போதுமே, மாமா" என்றான். 'இன்னிக்கு' என்று சொல்ல வேண்டியவன் 'நாளைக்கு' என்கிறான் என்று கவனித்தேன்.

வரிசை எதிர்க்கடைக்குப் போய்விட்டது. இருட்டுக் கடையில் நாங்கள் இரண்டு பேர்.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"சாப்பிட்டு வந்ததும் கடைசியா ஒருதரம் வெச்சுப் பாத்தேன். டெஸ்டர் எரிஞ்சுது. டெஸ்டர் சில சமயம் பொய் சொல்லும்னு பல்ப வெச்சேன். பல்பு பளிச்சுனு எரிஞ்சுது. பையில கட்ட ரெண்டும் இருக்கு. பூட்டுச் சாவி கழுத்துல இருக்கு. பேய்தான்னு நெனச்சேன். அப்பறம் கீழ மெஷின் ஓடற சத்தம் கேட்டுது. குளியலறைக் கதவப் பூட்டிட்டு வந்தேன்."

"நேரா வந்து கத்த வேண்டியதுதானே? வரிசையில எதுக்கு நின்னே?"

"எட்டுப் பேர் இருந்தாங்க. எட்டுப் பேர் போறதுக்குள்ள கோவம் போயிடும்னு நெனச்சேன்."

"போச்சா?"

யோசித்துப் பார்த்தான். "இன்னும் எட்டுப் பேர் இருந்திருக்கலாம்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது வேறு. "மாப்ள, உங்கக்காகிட்ட மட்டும் சொல்லிடாத." அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வைதான். பிறகு தலையாட்டினான். இரட்டைத் தலையின் ஒரு தலையைக் கட்டிங் ப்ளையரால் நறுக்கி, அந்தத் துண்டைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மேலே போனான்.

வேலை ஐந்து மணிக்கு முடிந்தது. ஹீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. விளக்கு வைக்கும் நேரத்துக்கு மூன்று பேரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தோம். என் மனைவி எனக்குப் பரிமாறினாள். தனக்குப் போட்டுக்கொண்டாள். தம்பியின் தட்டைப் பார்க்காத மாதிரி பாத்திரத்தை மூடினாள்.

"அவனுக்கு?" என்றேன்.

"கை நீட்டறவங்களுக்கு எங்க வீட்டுல சாப்பாடு கிடையாது."

அவன் குனிந்து தட்டின் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"உங்க மச்சானையே கேளுங்க. மத்தியானம் சாப்பிட்டு, கை கழுவுன ஈரம்கூடக் காயல. நேரமாச்சே, இவன் இன்னும் படி ஏறி எறங்கிட்டே இருப்பானேன்னு, நானே அந்தப் பழைய கம்பியப் புடிச்சு இழுத்துடலாம்னு கைய நீட்டுனேன். பளார்னு என் கைல அடிச்சான். எங்கம்மாகூட என்ன அடிச்சதில்ல. காலையில அவன்தானே கம்பி செத்துடுச்சுன்னு சொன்னான்? அதுக்கப்பறம் என்ன பயம்? பழக்கதோஷமாம். நாப்பது வயசுல அக்காவ அடிக்கறது பழக்கதோஷமா?" அவள் வலது கையைத் திருப்பிக் காட்டினாள். புறங்கையில் நான்கு விரல்கள் இன்னும் சிவப்பாக இருந்தன. "அடிச்சதுமே நான் வெளியில வந்துட்டேன். அதுக்கப்பறம் இவன்கிட்டப் பேசல."

மத்தியானத்திலிருந்து நான் கண்ணை மூடினால் மைத்துனன்தான் தரையில் கிடந்தான். அங்கே கிடந்திருக்க வேண்டியது யார் என்பதை அவன் வரிசையில் நின்ற எட்டுப் பேர் நேரமும், கடையில் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நேரமும், அதற்குப் பிறகு வேலை பார்த்த மூன்று மணி நேரமும் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். ஈரக் கை. ஈரத் தரை. அவள் வீட்டுக்குள் செருப்புப் போடமாட்டாள். நான் கீழே எதிர்க்கடைக்காரனுக்குக் கையசைத்துக்கொண்டிருந்தேன்.

"பழக்கதோஷந்தான், அக்கா" என்றான் அவன், தட்டைப் பார்த்தபடியே. "தப்புதான்."

எனக்கு வாழ்க்கையில் பொய் சொல்ல எந்தச் சிரமமும் இருந்ததில்லை. அன்று முடியவில்லை. "அவன் தப்பு இல்ல" என்றேன். "நான்தான் கரண்ட் குடுத்தேன். தையல்காரர் கடையிலேருந்து இழுத்தேன். நீ கைய நீட்டுனப்போ அந்தக் கம்பியில கரண்ட் இருந்துது."

அவள் என்னைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு தன் புறங்கையை, யாருடையதோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தன காப்பி எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"நாப்பத்திமூணு."

தலையாட்டினாள். கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தவில்லை. பாத்திரத்தைத் திறந்து தம்பியின் தட்டில் நிறையப் போட்டாள். "கை வலிக்குதாடா?" என்று அவனைக் கேட்டாள். "இல்லக்கா" என்றான். அப்போதுதான் அவனுக்குக் கண் கலங்கியது. அப்புறம் என் தட்டு காலியாக இல்லாதபோதும் எனக்கும் இன்னொரு கரண்டி போட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கரண்டியைத் தாங்க முடியாமல் எழுந்து போய்க் குழாயடியில் நின்று அழுதேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதேன், எல்லோருக்கும் கேட்டிருக்கும்.

இப்போதும் அவனைத் தெருவில் ஒருதரம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் கூப்பிடுவதில்லை. தையல்காரர் கடையிலிருந்து ஒழுங்கான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்று வருகிறது. இரண்டு தலை கிடையாது. ஆனாலும் கடையில் எந்தப் பிளக்கைச் செருகுவதற்கு முன்பும் நான் மாடிப்படிக்கு அடியில் போய் நின்றுகொள்கிறேன். வாடிக்கையாளர்கள் காத்திருக்கிறார்கள். எதிர்க்கடைக்காரன் வேடிக்கை பார்க்கிறான்.

"உன் கை எங்க இருக்கு?" என்று மேலே பார்த்துக் கேட்கிறேன்.

"எங்கிட்டதான் இருக்கு. போடுங்க" என்கிறாள்.

இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன்.